அணைத்து வைத்த சோதனை

கலவை அறைக்குள் நுழைந்ததுமே அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நிறத்துக்கு அளவு சொல்ல நாற்பது நொடி எடுக்கும் திரையில் ஒன்பதே நொடியில் எண்கள் வந்து விழுந்தன.

அந்தப் பெயின்ட் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. கலவை அறை அவள் தம்பியின் பொறுப்பு. கலவை புரோகிராம் இருபது வருடப் பழசு. புதுக் கம்ப்யூட்டருக்கு அதன் பேச்சே புரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மென்பொருளை உட்கார வைத்திருந்தாள். பழசு கேட்பதை அது புதுசுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். சொல்வதற்கு முன், கேட்கக்கூடியதைத்தான் கேட்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்கும். தாமதமெல்லாம் அந்தச் சோதனையால்தான்.

"சோதனையை அணைச்சுட்டியா?"

தம்பி தலை நிமிரவில்லை. "மூணு மாசமா கெஞ்சினேன்க்கா. ஆளுங்க டப்பாவைக் கையில வச்சுட்டு நிக்கிறாங்க. நீ பாக்கறேன் பாக்கறேன்னு இழுத்தடிச்சே."

"பாஸ்வேர்டு?"

"போன வாரம் லீவுல போறப்ப நீதானே குடுத்தே."

நம்பிக் கொடுத்தது. அவனை நாற்காலியோடு தள்ளிவிட்டுச் சோதனையை மறுபடி முடுக்கினாள். அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. இரண்டு நாள் முன்பு வெளியிலிருந்து வந்த ஒரு நிறக் கோப்புக்குள் ஒளிந்து வந்த ஒரு வைரஸ், தடுக்கச் சோதனை இல்லாததால் எல்லா இடத்திலும் பரவியிருந்தது. மதியத்துக்குள் கலவைக் குறிப்புகள் அத்தனையும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கும் பிரதி தப்பியது. அதற்குப் பிறகு சேர்த்த அறுபத்திரண்டு நிறங்கள் போனது போனதுதான்.

முதலாளியம்மா இருவரையும் கூப்பிட்டார்.

"ரொம்ப மெதுவா இருந்துச்சும்மா. அக்கா சரி பண்ணித் தரலை," என்றான் தம்பி.

"மெதுவா இருந்தா என்கிட்டகூடச் சொல்லாம கை வைப்பியா?" என்றாள் அக்கா.

முதலாளியம்மா கையமர்த்தினார். "சோதனையும் இருந்து, வேகமாவும் ஓடாதா?"

ஓடாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஓடும்மா. கலவைக் குறிப்பு இருக்கிற ஒரு ஃபோல்டரை மட்டும், படிக்க மட்டும் அனுமதி குடுத்து, ஒரே தடவை சோதிச்சு விட்டுடலாம். மத்ததுக்கெல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே. ரெண்டு நாள் வேலை."

"ஏன் செய்யலை?"

ஆட்கள் முன்னால் தம்பி ஒருநாள், "எங்கக்கா ஆமை வளக்கறா" என்று சிரித்தான். கிடக்கட்டும், காத்திருக்கட்டும் என்று வைராக்கியமாக விட்டுவிட்டாள். அதை எப்படிச் சொல்வது? தம்பி மேலிருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதே அளவு இப்போது தன் மேலும் வந்தது.

இரண்டே நாளில் முடித்தாள். இப்போது ஒரு நிறத்துக்குப் பன்னிரண்டு நொடி. பக்கத்து மேஜையில் தம்பி, போன நிறங்களை மாதிரி அட்டைகளோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கலந்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் வழக்கம்போல வண்டியோடு வாசலில் நின்றான். "ஏறுக்கா."

அவள் அவனைத் தாண்டி நடந்து, பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.