கணவாய்க்கு ஏற்ற கம்பு

கம்புக்கடைச் சுவரில் சாத்தியிருக்கும் தூண்டில் கம்புகள், கடல் எடுத்துக்கொள்ளப்போகிற ஆள் உள்ளே நுழைந்தால், அந்த ஆளின் பக்கமாக நுனியை வளைக்கும். மூங்கில், ஃபைபர், கார்பன் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. காற்றில் ஆடுகிற ஆட்டமும் இல்லை அது. மீன் மாட்டினால் கனத்துக்கு எப்படி வளையுமோ அப்படி வளைந்து, அப்படியே நிற்கும். முதல் தடவை வளைந்தது கடைக்காரியின் புருஷனைப் பார்த்து. அன்றைக்கு நல்ல மழை. ஈரத்தில் கம்பு நெளிந்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். "மட்டச் சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்" என்று மொத்த வியாபாரியைத் திட்டிக்கொண்டே அவர் கம்புகளைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மறுநாள் படகுத்துறைப் படியில் அவருடைய செருப்பு மட்டும் ஜோடியாக இருந்தது. ஆள் இல்லை.

அடுத்து ஒரு மாலுமி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வலைக்குச் சாயம் போடுகிற ஒருத்தி என்று வரிசையாகப் போன பிறகுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. புரிந்த வேகத்தில் பழகியும் விட்டது. கடலுக்குக் கிளம்புகிறவர்கள் கடைவாசலில் தலையை மட்டும் நீட்டி, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பார்கள். "நேராத்தான் இருக்கு, போயிட்டு வா" என்பாள் கடைக்காரி. இப்படி எட்டிப் பார்க்கிறவர்கள் பெருகி, வாங்குகிறவர்கள் குறைந்து போனார்கள். ஓசி ஜோசியத்துக்கு ஒரு கடை, அதற்கு ஒரு பூட்டு என்று அவள் முணுமுணுப்பாள். வாய்தான் அப்படி. யார் படியேறினாலும் அவள் கண் முதலில் சுவருக்குப் போகும், பிறகுதான் முகத்துக்கு வரும். சிரிக்கலாமா வேண்டாமா என்று அதற்கப்புறம்தான் முடிவு செய்வாள்.

தப்பிக்க வழி தேடாதவர்கள் இல்லை. நுனி வளைந்துவிட்ட ஒரு முடிதிருத்துகிறவர் அன்றைக்கே ரயிலேறிக் கடலே இல்லாத ஊருக்குப் புறப்பட்டார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. ரயிலின் மேல்படுக்கையில் மூழ்கிப்போயிருந்தார். போர்வை காய்ந்தே இருந்தது, நெஞ்சுக்குள் மட்டும் உப்புத்தண்ணீர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை அவருடைய அண்ணன் தம்பிகள் வீட்டுத் தூணோடு கட்டினார்கள். கப்பலைக் கட்டுகிற கயிறு, மணிக்கட்டுத் தடிமன். அவர் உடம்பு கடல் பக்கமாக நகர்ந்தபோதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தார்கள். விடிந்து பார்த்தால் முடிச்சு அவிழவில்லை, தூண் சாயவில்லை. கயிற்றுக்குள் சட்டையின் இரண்டு கைகள் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகு இதைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வளைந்தால் வளைந்ததுதான், வீட்டுக்குப் போய் வேண்டியதைச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கடைக்காரிக்கு ஒரே மகள். தையல் கடையில் சட்டை தைக்கிறாள். ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்குகிறவரைத்தான் விரும்பிக் கட்டிக்கொண்டாள். பிடித்தாலும் புளியங்கொம்பாகப் பிடித்தாள் என்று தெருவே சொன்னது. மாமியாருக்கு மட்டும் அந்தக் கொம்பு கொஞ்சம் முரட்டுக் கொம்பாகப் பட்டது. மாப்பிள்ளை கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வரும். குழாயை மூடினால் தண்ணீர் நிற்காது, குழாயின் திருகுதான் கையில் நிற்கும். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும் அவருக்கு. இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. 'வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா', 'ஆச்சு அத்தை', அதோடு சரி.

அது கணவாய் மீன் கரையோரம் வருகிற பருவம். வெயில் தாழ்ந்தால் ஐஸ் ஃபேக்டரி ஆட்கள் அலைதடுப்புச் சுவரின் மேல் வரிசையாக நிற்பார்கள். கணவாய் பிடிக்கத் தெரியாத ஒரே ஆள் என்று அவர்கள் கேலி பேசியதில் மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் கடைக்கு வந்து நின்றார்.

"அத்தை, கணவாய்க்கு ஒரு கம்பு வேணும். நல்ல முரட்டுக் கம்பா பாத்துக் குடுங்க."

அவள் கண் வழக்கப்படி சுவருக்குப் போனது. கம்புகள் எல்லாம் அவர் பக்கமாகக் குனிந்திருந்தன. அவள் எட்டி ஃபேனை நிறுத்தினாள். இறக்கை சுற்றி நின்ற பிறகும் நுனிகள் நிமிரவில்லை. அவள் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மகள் காலையில் இவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் திரும்பிவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தில் அவள் வாய்க்கு வந்த வியாபாரப் பேச்சைப் பேச ஆரம்பித்தாள்.

"முரட்டுக் கம்பு எதுக்கு மாப்பிள்ளை? கணவாய் என்ன சுறாவா? அது கடிக்காது. இந்தப் பொம்மை இறாலை நிஜ இறால்னு நெனச்சு வந்து கட்டிப்பிடிக்கும். கம்புல ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு கனம் தெரியும், அவ்வளவுதான்."

"தெரிஞ்ச உடனே ஒரே இழுப்பா இழுத்துட வேண்டியதுதானே?"

"வெடுக்குன்னு இழுத்தா அதோட கை மட்டும்தான் வரும். பிஞ்சு போய், கை மட்டும் ஊசியில தொங்கும்."

"அப்ப விட்டுப் பிடிக்கணுமா?"

"விடவும் கூடாது. இந்த ஊசியில எதிர்முள்ளு கிடையாது. தூண்டில் நரம்பு ஒரு நிமிஷம் தொய்ஞ்சா நழுவிடும். இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது. அது போற போக்குக்கு நுனி வளைஞ்சு குடுக்கணும், நடுக்கம்பு தாங்கணும்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கை மட்டும்தான் வரும். கிரேன்காரரின் சட்டைக் கைகள் அவள் கண்முன் வந்தன. இத்தனை வருஷமாக இந்தக் கம்புகள், எதிர்முனையில் ஓர் ஆள் தொங்குகிற கனத்தோடு, அவளுக்கு முன்னால்தான் வளைந்து நின்றிருக்கின்றன. கம்பு வளைந்தால் ஓடிப்போய் அதைக் கையில் எடுக்க வேண்டும் என்று, தூண்டிலை விற்று, தூண்டிலை வாங்கி, தூண்டிலிலேயே பிழைக்கிற ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்துப் பார்த்துப் பயந்ததோடு சரி. அட பாவிகளா, என்று அவள் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள்.

"திரும்பிப் பாருங்க மாப்பிள்ளை" என்றாள்.

அவர் திரும்பினார். பார்த்தார். பொம்மை இறால் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாமேவா அத்தை?"

"எல்லாந்தான்."

"அவகிட்ட சொல்ல வேண்டாம்."

"சொல்லாம எப்படி? அவதான் உங்க சட்டையில வளையம் தைக்கணும்."

அன்று மத்தியானம் அவள் தேர்ந்தெடுத்த மாதிரி எந்த வாடிக்கையாளருக்கும் தேர்ந்தெடுத்ததில்லை. கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மாப்பிள்ளைக்கு முன்னால் நீட்டி, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தாள். மூங்கில் லேசாக வளைந்து விறைத்து நின்றது, அது கிரேன்காரரைக் கட்டிய கயிற்றுக்கு அண்ணன், வேண்டாம். ஃபைபர் கம்பு கைப்பிடி வரை வளைந்து தரையைத் தொட்டது, அதற்கு முதுகெலும்பே இல்லை. ஆழ்கடலுக்கென்று வாங்கி வைத்திருந்த தடிக்கம்பை மாப்பிள்ளை ஆசையாகப் பார்த்தார். அவள் அதைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். கடைசியில் ஒரு மெல்லிய கார்பன் கம்பு. அதன் நுனி அவரைப் பார்த்து நாணல் மாதிரி வளைந்து வந்தது, வந்த வளைவு நடுவில் நின்றது. கைப்பிடியில் அவர் நெஞ்சுத் துடிப்பு அவளுக்குத் தெரிந்தது. "இதுதான்" என்றாள். மகளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து கேட்டு, சுவரில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் சட்டையின் பின்கழுத்தில் ஒரு பித்தளை வளையத்தை நூல்மேல் நூலாகத் தைத்தாள். கடைக்காரி அதில் நரம்பை முடிந்தாள்.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்து காத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குள் உப்பு நாற்றம் அடித்தது. கதவுகள் சாத்தித்தான் இருந்தன. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலி, உட்கார்ந்த ஆளோடு, வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. யாரும் தள்ளவில்லை. அவர் காலடியில் தரை நனைந்து வந்தது. கடைக்காரி கையிலிருந்த கம்பின் நுனி குனிந்தது, ரீல் ஒரு சுற்றுச் சுற்றி நரம்பை விட்டது. மகள் அலறிக்கொண்டு பாய்ந்து புருஷனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் சட்டைத் தையல் பட் பட்டென்று தெறிக்கிற சத்தம் கேட்டது.

"கையை விடுடி!"

"விட மாட்டேம்மா! நீ இழும்மா, இழு!"

"இழுத்தா உனக்குச் சட்டைக் கைதாண்டி மிஞ்சும். விட்டுடு. நான் புடிச்சிருக்கேன், நான் புடிச்சிருக்கேன்."

மகள் தாயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் விரல் விரலாகப் பிரித்து எடுத்துக் கையை விட்டாள். அந்த ஒரு காரியத்துக்கு அவள் பட்ட பாடு ஊரில் வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். கதவு தானாகத் திறந்தது. நாற்காலி தெருவில் கவிழ்ந்தது. மாப்பிள்ளை நடக்காமலே தெருவைக் கடந்து, மீன் ஏலக் கொட்டகையைக் கடந்து, அலைதடுப்புச் சுவர்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார். கடைக்காரி கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சுவரில் நின்றிருந்த ஐஸ் ஃபேக்டரி ஆட்கள் தங்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

தண்ணீர் அவர் முழங்காலை மூடியது, இடுப்பை மூடியது, தலையையும் மூடியது. நரம்பின் முனையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் ஈரத்துணியின் கனம்தான். அந்தக் கனம் இருக்கிறவரைக்கும் ஆள் இருக்கிறார். அவள் பயந்தாள், நன்றாகவே பயந்தாள். பல் கிட்டிப்போய், கண்ணீரும் மூக்குமாக நின்றாள். தும்மல் வந்தபோது உதட்டைக் கடித்து விழுங்கினாள். இழு இழு என்று உடம்பு முழுவதும் கத்தியது, அவள் இழுக்கவில்லை. அலை இழுத்தபோது நுனியைக் குனியவிட்டாள், அலை திரும்பியபோது தொய்வை மட்டும் சுற்றி எடுத்தாள். கடலுக்கு இப்படிப் பழக்கமில்லை. அதை எதிர்த்து இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறது, கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறது, சும்மா கூடவே பிடித்துக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்ததில்லை. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அதற்கே அலுத்துப்போய்க் கொஞ்சம் விட்டது. மாப்பிள்ளை தண்ணீரைக் கக்கிக்கொண்டு கல்லில் தவழ்ந்து வந்தார். கட்டிப்பிடித்த பெண்டாட்டியின் தோளுக்கு மேலாக மாமியாரைப் பார்த்து, "கழட்டிடாதீங்க அத்தை, இன்னும் விடலை" என்றார்.

அது உண்மைதான். கடல் விடவில்லை, தள்ளி வைத்ததோடு சரி. அதனால் நரம்பையும் அவிழ்க்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போனால் நரம்பு தெரு நெடுகப் போகும். கடைக்காரி கம்பை மடியில் வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தாள், அவள் தூங்கும்போது மகள் வாங்கிக்கொண்டாள். சைக்கிளில் வருகிறவர்கள் குனிந்து போகப் பழகினார்கள். காக்கைகள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டன. புதிதாக வந்த நகராட்சி அதிகாரி ஒருவர், பொதுவழியில் இது என்ன என்று கேட்டார். அது எங்க மாப்பிள்ளை என்று அவள் சொன்னாள். மாமியாருக்கு மாப்பிள்ளை மேல் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போயிற்று. கோபம் வந்தால் கை வெடுக்கென்று இழுத்துவிடும் என்று, அவர் உடைத்த குழாய்களையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பேத்தி பிறந்தாள், நடந்தாள், அப்பாவின் நரம்பை மிதிக்காமல் தாண்ட முதலில் கற்றுக்கொண்டாள். நுனி வளைந்த மற்றவர்களும் கட்டிக்கொள்ள வந்தார்கள். மகள் வளையம் தைத்துக் கொடுத்தாள். பிழைத்தவர்கள் உண்டு. சண்டைக் கோபத்தில் ஒரே ஒரு தடவை சுண்டி இழுத்துவிட்டு, சட்டைக் கைகளை மடித்து அலமாரியில் வைத்திருக்கிற பெண்டாட்டியும் உண்டு. அந்த வீட்டைக் கடக்கும்போது எல்லோரும் தங்கள் கம்பைக் கொஞ்சம் தணித்துப் பிடிப்பார்கள்.

இப்படி வருஷங்கள் போய், ஒரு நாள் காலை கடைக்காரி கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தாள். சுவரில் இருந்த கம்புகள் எல்லாம் அவளைப் பார்த்து வளைந்தன. அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வேறு யாரும் இல்லை. இடப்பக்கம் நகர்ந்தாள், நுனிகளும் நகர்ந்தன. மடியில் மாப்பிள்ளையின் கம்போடு பெட்டிமேல் உட்கார்ந்தாள். தன் உயிரைப் பற்றிய பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. நான் போனால் இதை யார் பிடிப்பார்கள், பகலெல்லாம் யார், என்று ஈரக்குலை நடுங்கியது. நடுக்கம் நரம்பு வழியாகப் போயிருக்க வேண்டும். ஐஸ் ஃபேக்டரியில் பாளத்தைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை ஓடி வந்தார்.

சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு கம்பாக எடுத்து அவளுக்கு முன்னால் நீட்டினார். தடிக்கம்பைத் தொடக்கூட இல்லை. மூங்கிலை வைத்துவிட்டார், ஃபைபரை வைத்துவிட்டார். கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்குகிற அந்தப் பெரிய கை, மெல்லிய கார்பன் கம்பு ஒன்றின் நுனியைக் குழந்தையின் விரலைத் தொடுவது போலத் தொட்டு, வளைவு எங்கே நிற்கிறது என்று பார்த்தது. நடுவில் நின்றது.

"எனக்குக் கோபம் கீபம் வராது அத்தை" என்றார். "திரும்பி உக்காருங்க, அவ ஊசியோட வந்துட்டிருக்கா."

இப்போது அந்தத் தெருவில் போகிறவர்கள் இரண்டு தடவை குனிகிறார்கள். கடையிலிருந்து ஐஸ் ஃபேக்டரிக்குப் போகிற நரம்புக்கு ஒரு தடவை, ஐஸ் ஃபேக்டரியிலிருந்து கடைக்கு வருகிற நரம்புக்கு ஒரு தடவை.