டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது

1

இந்தக் கதையை நான் ஒரு டிவி கடையில் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு ஒரு டிவி வாங்கப் போயிருந்தேன், கேம் ஆடத்தான். இந்த வயதில் என்ன கேம் என்று கேட்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம், எனக்குக் கோபமில்லை. கடையில் எனக்கு முன்னால் ஒரு வெல்டரும் அவர் மகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் பேசியதைக் கேட்க நேர்ந்தது. சரி, ஒட்டுக்கேட்டேன்.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

வெளிச்சத்தோடு பிழைப்பு நடத்தும் ஒருவருக்கு, இருட்டானது – (அலங்காரம் தூக்கல். விட்டுவிட்டேன்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை – (ஊரில் பாதிக் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.)

மகள் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒருவர் டிவி வாங்கப் போனார்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். விஷயத்தைப் போட்டு உடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆகட்டும். உங்களைச் சுற்றலில் விட எனக்கு மனமில்லை.

2

வெல்டரும் மனைவியும் பிரிந்து மூன்று வருடம். பதினைந்து வயது மகள் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிறுதோறும் அப்பா வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கடலடியில் நீந்திப் போகிற ஒரு கேமை ஆடுவார்கள். பேசுவதற்குப் பெரிதாக எதுவும் கிடைக்காத இருவருக்கு அது பெரிய உபகாரம். "அப்பா, லெஃப்ட்ல", "பின்னாடி பாரு" என்றாவது வாய் அசையும்.

அப்பா வீட்டு டிவியோ அரதப் பழசு. மீன் வேகமாகத் திரும்பினால் அதன் பின்னால் ஒரு நிழலும் இழுபட்டுக்கொண்டு வரும். இருட்டுக் குகை சாம்பல் பூசிய சுவர்போலத் தெரியும். போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள்:

"அப்பா, இனிமே மாசத்துக்கு ஒரு தடவை வரேனே. படிக்க வேற நெறைய இருக்கு."

காரணம் படிப்பு என்று வெல்டர் நம்பவில்லை. டிவிதான் என்று நம்பினார். (இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வெகுளியாக ஒருவர் இருப்பாரா? பிறகு யோசித்தேன். டிவியை மாற்றிவிடலாம்; தன்னை மாற்றிக்கொள்வது யாரால் ஆகும்? நானாக இருந்தாலும் பழியை டிவியின் தலையில்தான் போட்டிருப்பேன்.) "புதுசு எடுக்கப் போறேன், நீயே வந்து பாத்துச் சொல்லு" என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த ஞாயிறு அவளை வரவழைத்திருந்தார்.

3

விற்பனைப் பெண் இரண்டு டிவிகளைக் காட்டினாள்.

"சார், இது மினி எல்இடி. திரைக்குப் பின்னாடி குட்டிக் குட்டி லைட்டா நெறைய இருக்கும். வெளிச்சம் அள்ளும். பகல்ல ஜன்னலத் தொறந்து வச்சு ஆடினாலும் பளிச்சுன்னு தெரியும். அது ஓஎல்இடி. அதுல பின்னாடி லைட்டே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். படம் இழுக்காது. ஆனா ஸ்கோர் மாதிரி ஏதாவது நாள்கணக்கா ஒரே எடத்துல நின்னா தடம் விழ வாய்ப்பு இருக்கு."

"ரெண்டுல எதும்மா நல்லது?"

"உங்க ரூமையும் கேமையும் பொறுத்தது சார்."

வெல்டருக்கு இந்த மாதிரி பதிலே ஆகாது. அவர் தொழிலில் ஒட்டினால் ஒட்டியது, விட்டால் விட்டது. பையைத் திறந்து வெல்டிங் முகமூடியை எடுத்தார். (நம்ப மாட்டீர்கள். கற்பனையாக இருந்தால் இதைவிட நம்பும்படி எழுதியிருப்பேன்.) நடுக்கடையில் அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டிவியாகப் போய் நின்றார். இருபது வருடமாக அவர் வெளிச்சத்தை எடைபோடுவது அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான். அதைத் தாண்டி வந்தால்தான் அவர் கணக்கில் வெளிச்சம்.

"இதுல மட்டும்தான் ஏதோ லேசாத் தெரியுது. இதையே எடுத்துடலாம், பாப்பா." விரல் மினி எல்இடியைக் காட்டியது.

பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். "மானத்த வாங்காதப்பா. மொதல்ல கழட்டு அத. வீட்டுல முகமூடி போட்டுக்கிட்டா ஆடப் போறோம்?"

4

கடைக்குள் திரைச்சீலை போட்ட அறை ஒன்று இருந்தது. "இருட்டுல ஒரு தடவை காட்டுங்கக்கா" என்று மகள்தான் கேட்டாள். அங்கே இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. நானும் வெட்கமில்லாமல் கூடவே நுழைந்துகொண்டேன்.

அதே கடலடிக் கேமை இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள் விற்பனைப் பெண். கன்ட்ரோலர் மகள் கையில். நீந்துகிறவன் கீழே போகப் போக நீலம் கருநீலமாயிற்று, பிறகு கறுப்பாயிற்று, பிறகு வலது பக்க ஓஎல்இடி டிவி காணாமல் போயிற்று.

அந்தக் கறுப்பு எப்படி இருந்ததென்றால் – (என்ன போட்டாலும் பொய்யாகிறது.) சுவர் இருந்தது. டிவி இருந்த இடத்தில் எதுவுமே இல்லை.

"ஏம்மா, ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றார் வெல்டர்.

"இல்லப்பா. ஓடிக்கிட்டுதான் இருக்கு." மகளின் குரல் தானாக இறங்கியிருந்தது.

ஆழத்திலிருந்து ஒரு விளக்கு மீன் வந்தது, குண்டூசித் தலை அளவில். இடது திரையில் அதைச் சுற்றிப் புகை மாதிரி ஒளி கசிந்தது. வலதில் கசிவே இல்லை. அந்தரத்தில் அது ஒன்றே ஒன்று.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: எட்டு வருடமாக என் வீட்டு டிவி, இருட்டைக் காட்டும்போதும் பின்னால் விளக்கை எரியவிட்டுத்தான் காட்டுகிறது. கதவைச் சாத்தினாலும் இடுக்கில் வருமே, அந்த வெளிச்சத்தைத்தான் இரவு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே லட்சக்கணக்கான விளக்குகள் ஒரு மீனுக்காக ஒரே நொடியில் அணைந்து வழிவிட்டன. எனக்கு மெய்சிலிர்த்தது. டிவி கடையில்தான். சிரித்துக்கொள்ளுங்கள்.)

5

வெல்டர் திரைக்கு ஓர் அடி கிட்டே போனார். (ஊகம். இருட்டில் கால் தெரியாது.)

"பாப்பா, எனக்கு தெனமும் இப்படித்தான் தெரியும்."

"எது?"

"வேலையில. முகமூடிய எறக்கினா ஒண்ணுமே இருக்காது. என் கையே எனக்குத் தெரியாது. வெல்டிங் ராடை இரும்புல தட்டினதும் ஒரு பொறி வரும் பாரு, அதச் சுத்தி ரெண்டு விரக்கடைதான் மொத்த உலகமும். இரும்பு தண்ணியாட்டம் ஓடும். அதப் பாத்துக்கிட்டே கைய நகத்திக்கிட்டுப் போகணும்."

மகள் கன்ட்ரோலரைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"பயமா இருக்காதாப்பா?"

"ஆரம்பத்துல இருந்துச்சு. அப்புறம் அழகா இருந்துச்சு. இதப் போயி யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் கேக்கல, நானும் சொல்லல."

இப்போது கேட்டாள். உருகிய இரும்பு என்ன நிறம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும், பொறி பட்ட தழும்பு எங்கே எங்கே. அவர் சட்டைக் கையை மடித்து, இடது திரையின் வெளிச்சத்தில் காட்டினார். மூன்று வருடத்துப் பேச்சு அந்த அறையில் நடந்தது. விற்பனைப் பெண்ணும் நானும் மூச்சு விடாமல் நின்றோம். மீன் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

6

முடிவுக்கு என்னிடம் சில யோசனைகள் இருந்தன. கறுப்பில் சொக்கிப்போய் ஓஎல்இடி வாங்குகிறார்கள். அல்லது, வெல்டர் வீட்டு ஹாலில் பெரிய ஜன்னல், ஆடுவதோ பகலில், ஆகவே மினி எல்இடி. (இதுதான் புத்திசாலித்தனம். கடைக்குச் சரி, கதைக்கு ஆகாது.) அல்லது, வீட்டுக்குப் போய்ப் பழைய டிவியையே –

இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்ததும் விற்பனைப் பெண், "எத பில் போடட்டும்?" என்றாள். வெல்டர் மகளைப் பார்த்தார். மகள் இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து இன்னொரு தடவை பாக்குறோம்."

வெல்டர் வாயைத் திறந்தார். மாதத்துக்கு ஒரு தடவை என்றாயே என்று கேட்டிருந்தால் அவரைக் கதையை விட்டே தூக்கியிருப்பேன். நல்லவேளை, மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நானும் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் எழவில்லை. அவர்கள் அங்கே இல்லாவிட்டால் அதையும் நான் எழுதியாக வேண்டும். என்னால் ஆகாது; திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் போய்ப் பாருங்கள். அவர்கள் வந்திருந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பேசட்டும். வரவில்லை என்றால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.