காலை பத்து நாற்பது

அப்பாவின் தோல்பையைக் கட்டிலில் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான் யசிந்தன். பாஸ்போட்டுகள், வீட்டு உறுதிப்பத்திரம், காப்புறுதிக் கடிதங்கள் எல்லாம் வந்து விழுந்தன. நேற்றுக் கையெழுத்து வைத்த தகனப் பத்திரம் மட்டும் சனியன்போல ஒளிந்துகொண்டது. வெளியே தம்பி பிரவீனன் காரின் ஹோர்னை விடாமல் அமத்திக்கொண்டிருந்தான். செத்தவீட்டு நாளில் ஹோர்ன் அடிக்கிற ஒரே ஆள் இந்த மில்லிக்கன் ஊரிலேயே இவனாகத்தான் இருக்கும்.

கடைசியாகப் பையின் உள்மடிப்புக்குள் விரலை விட்டான். பத்திரம் வந்தது. அதோடு நாலாக மடித்த ஒரு பழைய தாளும் வந்தது. இரண்டு கரையிலும் ஓட்டைகள் உள்ள பிரின்டர் தாள். விரித்துப் பார்த்தவன் அப்படியே கட்டிலில் குந்திவிட்டான்.

தாளில் இருந்தது அவர்களுடைய முதல் கணினியின் திரை. திரையில் கிடந்ததை அப்படியே பிடித்துவைத்த பிரதி. அதைப் பிடித்தவன் யசிந்தன்தான், பதின்மூன்று வயதில், தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசி மாதம். பள்ளிக்கூடத்தில் மாக்கஸ் என்ற பெடியன் இவன் எடுத்த கேம் ஸ்கோரை நம்பவில்லை. “புளுகாதை, படத்தைக் காட்டு” என்றான். கமெராவை அப்பா தொடவிடமாட்டார். ஆகவே, திரையைப் படம்பிடிக்கும் இலவச மென்பொருள் தேடி யசிந்தன் ஒரு மாதம் நாயாக அலைந்தான். நூலகத்துச் சஞ்சிகைகளோடு வந்த டிஸ்குகள், கடைவாசலில் சும்மா கொடுத்த டிஸ்குகள், ஒன்றையும் விடவில்லை. மூன்று அகப்பட்டன, மூன்றையும் ஒரே பின்னேரத்தில் போட்டுப் பார்த்தான். முதலாவது எழுத்தை மட்டும் பிடித்தது, படத்தை விட்டுவிட்டது. இரண்டாவது பதினைந்து நாளில் காசு கட்டவேணும் என்றது. மூன்றாவது கணினியையே உறையவைத்தது.

கணினி உறைந்த அன்று பின்னேரம்தான் அப்பா நித்திரையால் எழும்பி, மூன்று மாதமாகத் தட்டிய அகதி வழக்கு வாக்குமூலத்தைத் தேடினார். காணவில்லை. மறுநாள் லோயரிடம் கொடுக்கவேண்டும். “என்ரை கதையை அழிச்சுப்போட்டியேடா நாயே!” என்று கீபோட்டைப் பிடுங்கி அடித்தார். அந்தக் காலத்துக் கீபோட், இரும்புத் தகடு வைத்தது. இரண்டாவது அடி இடக்காதில் விழுந்தது. இரத்தம் கழுத்தால் ஓட ஓட அவர் நிறுத்தவில்லை. எழுத்துக் கட்டைகள் கழன்று நிலமெல்லாம் உருண்டன. அன்றோடு அந்தக் காது செத்தது. கிளினிக்கில் அம்மா தனக்குத் தெரிந்த நாலு இங்கிலிஷ் சொல்லில், பனியில் சறுக்கி விழுந்தான் என்றாள். பிறகு ஊருக்கும் உறவுக்கும் அதையே சொன்னாள். முப்பது வருடத்துக்கு மேலாக அதுதான் கதை.

முதலாவது மென்பொருளைச் சோதிக்க அன்று பிடித்த திரைதான் இந்தத் தாள். யசிந்தன் அப்போது அதைத் திரும்பிப் பார்க்கவேயில்லை, அவனுக்குப் படம்தானே வேண்டும். இப்போது ஒவ்வொரு வரியாக வாசித்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் விழும், அப்பா அப்படிச் செய்து வைத்திருந்தார். அடிவரி அவனுடையது, பின்னேரம் மூன்று ஐம்பத்தெட்டு. மேலே, காலையிலிருந்து திரையில் அப்படியே கிடந்த ஒரு கட்டளை: எல்லாவற்றையும் அழி. கணினி கேட்டிருக்கிறது, நிச்சயமா? பதில், ஆம். காலை பத்து நாற்பது.

பத்து நாற்பதுக்கு யசிந்தன் வகுப்பில் இருந்தான். வீட்டில் இருந்தவர் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா மட்டும்தான். லோயருக்குக் கொண்டுபோக ஒரு டிஸ்கைத் துடைக்கப்போய், மனுசன் கணினிக்குள் இருந்த தன்னுடைய கதையையே துடைத்திருக்கிறார். பிறகு எப்போதோ மகனுடைய டிஸ்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அச்சடித்திருக்கிறார். மடித்து வைத்திருக்கிறார். வாய் மட்டும் திறக்கவில்லை.

செத்தவீட்டு மண்டபத்தில் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் மடியில் தாளை வைத்தான்.

“உது என்னெண்டு தெரியுமோ?”

அவள் தாளைப் பார்த்தாள். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை.

“தெரியும். அடுத்த வருஷம் அப்பா இதைக் கண்டவர். ‘பெடியன் செய்யேல்லை, நான்தான் அழிச்சனான்’ எண்டு என்னட்டைச் சொன்னவர்.”

“உங்களிட்டைச் சொன்னவர். என்னட்டை?”

“வெக்கமடா அவருக்கு.”

“உங்களுக்கு?”

அவள் தாளைப் பழைய மடிப்புப்படியே திரும்ப மடித்தாள். அவனுக்குப் பெட்டியோடு சேர்த்து எல்லாவற்றையும் தூக்கி எறியவேணும் போலிருந்தது.

“இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் சொல்லோணும். இல்லாட்டி தகனசாலையிலை நான் அந்த நெருப்புப் பட்டனை அமத்தமாட்டன். வேறை ஆரையாவது வைச்சு எரிச்சுக்கொள்ளுங்கோ” என்று தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான்.

பிரவீனன் மைக்கைப் பிடித்தான். அவன் இங்கே பிறந்தவன், கீபோட் உடைந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. “எங்கட அப்பா ஒருநாளும் எங்களுக்கு அடிச்சதில்லை. நெவர். அண்ணாவுக்குச் சின்ன வயசிலயே கொம்பியூட்டர் வாங்கிக் குடுத்தவர்” என்றான். சனம் மூக்கைச் சிந்தியது.

பிரேதத்தில் தூவ மஞ்சள் சுண்ணம் இடிக்க ஐயர் மூத்த மகனைக் கூப்பிட்டார். யசிந்தன் உலக்கையைப் பிடித்தான். ஓதுவார் பாடத் தொடங்கினார். முதல் குத்து மெல்ல விழுந்தது. இரண்டாவதில் உரல் அதிர்ந்தது. பிறகு அவனை ஒருவராலும் பிடிக்கமுடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினான். மஞ்சள் தெறித்தது. பெட்டியின் வெள்ளைத் துணியில், அப்பாவின் நெற்றியில், ஐயரின் வேட்டியில் எல்லாம் தெறித்தது. “தம்பி, மெல்ல, மெல்ல” என்று ஐயர் பின்வாங்கினார். உரல் கவிழ்ந்து கம்பளத்தில் உருண்டது. அவன் வெறும் கம்பளத்தைக் குத்திக்கொண்டிருந்தான்.

அப்பாவின் வேலையிடத்துச் சினேகிதர் றெமிஜியஸ் அங்கிள் ஓடிவந்து இடப்பக்கம் நின்று கத்தினார். “விடு ராசா, விடு!” யசிந்தன் திரும்பவில்லை. அங்கிள் சனத்தைப் பார்த்து, “பாவம், உந்தக் காது கேளாது. சின்னனிலை பனியிலை விழுந்தவன்” என்றார்.

“விழேல்லை.”

அம்மா எழும்பி நின்றாள். அவளுடைய குரல் பெரிதாக வரவில்லை. ஆனால் பிரவீனன் பக்கத்தில் மைக்கோடு நின்றான், மண்டபம் முழுக்கக் கேட்டது.

“இவர்தான் அடிச்சவர். பிள்ளை ஒரு பிழையும் செய்யேல்லை. இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பொய் சொன்னனான்.”

ஓதுவார் நிறுத்தினார். பிரவீனன் “வாட்?” என்றான். யாரோ ஒரு அன்ரி தன் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். யசிந்தனின் கையிலிருந்த உலக்கையை றெமிஜியஸ் அங்கிள் மெல்ல வாங்கிச் சுவரோடு சாய்த்தார். இவ்வளவு காலமும் கொதித்த ஆத்திரம் தீர்ந்துவிடும் என்றுதான் யசிந்தன் நினைத்திருந்தான். தீரவில்லை. ஐயர் குனிந்து, சிந்திய சுண்ணத்தைக் கையால் வழித்துக் கிண்ணத்தில் போட்டார்.

தகனசாலையில் வெள்ளைக்காரர் ஒருவர் சுவரிலிருந்த பச்சைப் பட்டனைக் காட்டினார். யசிந்தன் மஞ்சள் காயாத விரலை அதில் வைத்து அமத்தினான்.

கதவு இறங்கியது. நெருப்பின் இரைச்சல் வலக்காதுக்குள் மட்டும் வந்தது. அம்மா அவனுக்கு இடப்பக்கமாக வந்து நின்று, கையைப் பிடித்து, ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வலக்காதை அவள் பக்கம் திருப்பவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.