சுவருக்கு அந்தப் பக்கம் சில்லைகள்

ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரே வீட்டு மருமகள்களான எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. எனக்குத் தொட்டியில் ஊசிக்கணவாய் மீன்கள், என் மூத்த ஓரகத்திக்குக் கூண்டில் புள்ளிச் சில்லைக் குருவிகள். நடுவில் ஒற்றைச் சுவர். எது உசத்தி என்ற சண்டை மட்டும் எங்களுக்குள் ஓய்ந்ததே இல்லை.

“உன்னுது ஊமை. பயந்தாக்கூட வாயத் திறந்து கத்தத் தெரியாது,” என்பாள் அக்கா.

“பயந்தா உடம்பு வெளுத்துடும், பாத்தாலே புரியும். உன் குருவிங்க மாதிரி எதுக்கெடுத்தாலும் ஊரக் கூட்டாது,” என்பேன்.

அன்று காலையிலேயே கரண்ட் போனது. காற்றுப் பம்பு நின்றால் கணவாய்கள் பிழைக்காது. என் அறைப் பக்கம் ஜெனரேட்டரைப் போட்டால் அதன் அதிர்வுக்கு மிரண்டு கண்ணாடியில் முட்டிக்கொள்கின்றன. அதனால் அதைக் குருவி அறையின் ஜன்னலடிக்குத் தள்ளிக்கொண்டுபோய் வைத்தேன்.

“சத்தத்துக்குன்னே பொறந்ததுங்கதானே, தாங்கும்.”

அக்கா முறைத்தாள். பிறகு இரைச்சல் தாங்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அது ஒழுங்காக மூடாத ஜன்னல்.

மதியவாக்கில் சில்லைகளின் சத்தத்தைக் காணோம். ஜெனரேட்டர் இரைச்சலில் அமுங்கியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போது சுவரில் தொம்மென்று ஏதோ மோதியது. தொட்டியிலிருந்த அத்தனை கணவாயும் ஒரே நொடியில் வெளுத்து, சுவரை விட்டு விலகி எதிர் மூலையில் ஒண்டின. ஒன்று மை கக்கியது.

“அக்கா?”

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஜெனரேட்டர் புகை நெடி குப்பென்று முகத்தில் அடித்தது. கூண்டுகளுக்குள் சில்லைகள் உதிர்ந்து கிடந்தன. அக்கா சுவரோரம் சரிந்திருந்தாள், கைக்குள் ஒரு குருவியோடு. அக்குளில் கைகொடுத்து அவளை வெளியே இழுத்துப் போட்டேன். ஜெனரேட்டரை அணைத்தேன். என் பம்பும் நின்றது. நிற்கட்டும். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்?

சத்தம் கேட்டு ஓடிவந்த காவலாளி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவள் கன்னத்தைத் தட்டினேன்.

“அக்கா, என்னத் திட்டு. ஏதாவது சொல்லித் திட்டு.”

வெகுநேரம் கழித்து இருமினாள். கண்ணைத் திறந்தாள். அசையாமல் எதையோ காது கொடுத்துக் கேட்டபடி கிடந்தாள்.

“ஜெனரேட்டர்தான் நின்னுடுச்சே. என் குருவிங்க எங்கடி? சத்தத்தையே காணோம்?”

இன்னும் அவள் பிடிக்குள்ளேயே இருந்த குருவியை எடுத்து என் கைக்குள் மூடிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை.