ஸ்டிக்கர் இல்லாத முந்திரி

எங்கள் சபையைச் சேர்ந்த யூனிஸ் எங்கள் வீட்டுக்கு எப்போதும் முன்வாசல் வழியாகத்தான் வருவாள். அன்று கொல்லைப்புறமாக வந்து, முந்தானையால் மூடியிருந்த ஓர் அட்டைப் பெட்டியை என் மனைவி ஞானசௌந்தரியின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, சார் காதுக்குப் போக வேணாம்" என்றாள். நான் சமையலறைக் கதவருகிலேயே நின்றிருந்தேன்.

பெட்டிக்குள் முந்திரிப் பருப்பு. மேலே நல்ல வெள்ளை. விரலால் தள்ளிப் பார்த்தேன். அடியில் நூல் கட்டி, புழு நெளிந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு நான் ஆலயத்தில் வைத்த காணிக்கை அது. ஆராதனை முடிந்ததும் சபையார் கொண்டுவந்த பொருள்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், கேக் எல்லாம் வரும். எங்கள் வீட்டு முந்திரியை முதலில் ஏலம் கூறுவது என் அப்பா காலத்து வழக்கம். இந்த வருஷம் யூனிஸின் கணவன் லாசரஸ் விட்டுக்கொடுக்காமல் கேட்டு அதை எடுத்தான். மகளுக்கு நிச்சயம் பேச வந்த சம்பந்திகள் முன்னால், "ஏசுபாதம் சார் வீட்டுக் காணிக்கை" என்று பெருமையாகச் சொல்லித் தட்டில் கொட்டியிருக்கிறான்.

"சம்பந்தியம்மா கோபப்படலை சார்" என்றாள் யூனிஸ். "பெட்டியத் திருப்பிப் பார்த்தாங்க. தேதி போட்ட ஸ்டிக்கரையே காணோமே, அத உரிச்சுட்டு வீட்ல கிடந்த பழசக் கோயிலுக்குத் தள்ளிட்டாங்க போலன்னு சிரிச்சாங்க."

உரித்தவன் நான்தான். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, தடம் தெரியாமல் எடுத்தேன். ஆண்டவர் சந்நிதியில் விலை ஒட்டிய பொருளை வைப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. பில்லையும் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவேன். காணிக்கைக்குக் கணக்கு எதற்கு? அந்த ஸ்டிக்கரில்தான் விலையோடு கடைப் பெயரும் பாக்கிங் தேதியும் இருந்தன.

முன்பெல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கையால் அள்ளிப் பார்த்து வாங்குவேன். முழங்கால் வலியால் இந்த முறை செம்பாக்கத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினேன். அங்கே எதையும் அள்ளிப் பார்க்க முடியாது. எல்லாம் ஒட்டி மூடியே இருக்கும்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அன்றே புறப்பட்டேன். வாசலில் காவலாளி மறித்தான்.

"பைய வெச்சுட்டு டோக்கன் வாங்கினு போ சார்."

"பையில இருக்கிறதக் காட்டத்தாம்ப்பா வந்திருக்கேன்."

"இன்னா கீது?"

"உங்க கடை முந்திரி."

"அப்போ கண்டிப்பா வெக்கணும். அத்த உள்ள எடுத்துக்கினு போயி வெளிய வந்தா திருட்டுன்னு ஆயிடும் சார்."

தகர டோக்கனோடு உள்ளே போனேன். பில் போடும் பெண் பேபியிடம், இங்கே வாங்கின முந்திரியில் புழு என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

"பில் கீதா சார்?"

"இல்லை."

"பொருளு?"

"வாசல்ல வாங்கி வச்சிட்டான்."

"பில்லும் இல்ல, பொருளும் இல்ல. கம்ப்ளைண்ட் மட்டும் கொண்டாந்துகீறீங்க." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த வட்டாரத்தில் யாரும் என் முகத்துக்கு எதிரே சிரித்ததில்லை.

சத்தம் கேட்டு முதலாளி சிட்டிபாபு வந்தார். அப்பன் உழுத நிலத்தை மனை போட்டு விற்று, ரோட்டோரத் துண்டில் கடை கட்டியவர். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன்.

"நல்ல மன்சு சார் உங்களுக்கு. ஆனா இது மொட்டைப் பெட்டி. எந்தக் கடைன்னு நான் எப்டி சொல்றது? வயசானவரு, வெயில்ல வந்துகீறீங்க. போனா போவுது, வேற ஒண்ணு எடுத்துக்கினு போங்க."

"தர்மத்துக்கு வாங்க வரலை. இந்தப் பெட்டி இந்த மாசம் உங்க கடையில வாங்கினதுன்னு லாசரஸ் வீட்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"என் கட முந்திரில புழுன்னு நானே வந்து சொல்லணுமா? நல்லா கீதே நியாயம்! அப்புறம் எவன் சார் கடைக்கு வருவான்?"

"உங்க கடைக்குப் பேர் இருக்கிற மாதிரி என் வீட்டுக்கும் பேர் இருக்கு."

"அத்த உரிக்க சொல்லோ யோசிச்சிருக்கணும் சார்."

அலமாரிக்குப் போய் அதே வரிசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து, பணம் கொடுத்து, எல்லாரும் பார்க்கக் கிழித்துத் தராசுத் தட்டில் கொட்டினேன்.

ஒரு பொட்டுக் குறை இல்லை. முழு முழு முந்திரி.

"இன்னொண்ணு தொறக்கட்டுமா சார்?" என்றார் சிட்டிபாபு.

"தாத்தா வூட்ல இன்னிக்கு பாயசம்டோய்" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

இன்னொரு பெட்டி எடுத்து அதற்கும் பணம் கொடுத்தேன். பழைய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். கொட்டியதை அங்கேயே விட்டு நடந்தேன். வாசல் தாண்டியதும் காவலாளி குரல் கொடுத்தான்: "சார், டோக்கன குட்த்துட்டு பைய எடுத்துக்கினு போ!"

நேராக லாசரஸ் வீட்டுக்குப் போனேன். அவன் பதறி எழுந்து நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. புதுப் பெட்டியை, ஸ்டிக்கர் மேலே தெரியும்படி, மேஜையில் வைத்தேன்.

"அதே கடை. தேதியும் இருக்கு. சம்பந்தி வீட்டுக்கு அனுப்பி வை."

"ஐயோ, எதுக்கு சார் இதெல்லாம்? உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

யூனிஸ் பெட்டியை எடுத்தாள். உள்ளே கொண்டுபோய் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து, பெட்டியைப் பிரித்து, என் முன்னாலேயே கொட்டினாள். லாசரஸ் "ஏய்" என்றான். அவள் விரல்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு பருப்பையும் புரட்டி, இரண்டாகப் பிளந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

எங்கள் வீட்டார் கொடுத்த பொருளை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் கடைசியில்.

அவள் பார்த்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.