கால் எட்டாத சைக்கிள்

மாப்பிள்ளையின் உயரத்தில் நாலு சென்டிமீட்டர் பொய் இருந்தது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். மாப்பிள்ளை அவ்வளவு பேராசைக்காரர் இல்லை. ஒரே ஒரு பொய்தான் சொன்னார், அதையும் வாயால் சொல்லவில்லை, ஷூவால் சொன்னார். இரண்டு வீட்டாரும் முதல்முதலாகச் சந்தித்த அன்று அடிப்பாகம் தடித்த ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு போயிருந்தார். பெண்ணும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது தோளும் தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. "ஜோடி, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று பெண்ணின் அண்ணன் வாயாரச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற மாப்பிள்ளை பதினோரு வருடம் படாத பாடு பட்டார். வெளியே போனால் தடி ஷூ, வீட்டுக்குள் தடிச் செருப்பு. கேட்டால் குதிகால் வலி, டாக்டர் சொன்னார் என்பார். எந்த டாக்டர் என்று மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. அதைத் தன் சாமர்த்தியம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணன், அதாவது இவருடைய மச்சான், அளவையே பிழைப்பாகக் கொண்டவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் சைக்கிள் கட்டுகிறார். தார் ரோடு, ஜல்லி, மணல், சேறு எதில் விட்டாலும் ஓடுகிற கிராவல் பைக். டயர் கொழுத்திருக்கும், ஹேண்டில்பார் கடாக் கொம்பு போல வளைந்திருக்கும். ஒருவருக்குக் கட்டியது இன்னொருவருக்கு ஆகாது. காலை அளப்பார், கையை அளப்பார், தோளை அளப்பார், குனியச் சொல்லி முதுகை அளப்பார். அப்புறம் குழாயை மில்லிமீட்டர் பிசகாமல் அறுத்து வெல்டிங் வைப்பார்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு மெத்தைக் கடை. அவருடைய அப்பா நடத்துவது. குள்ளன் வந்தாலும் நெட்டையன் வந்தாலும் ஆறடிக்கு மூணடி. மகன் பிற்காலத்தில் கல்லாவில் உட்காருவான் என்று அவர் இருபது வருடமாக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார். மச்சானோ, "மனுஷனுக்கு மனுஷன் அளவு மாறும்ப்பா" என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். வரும்போது சும்மா வராமல் ஒரு சபதமும் போட்டுவிட்டு வந்தார்: "என் டேப் ஒரு தடவை தப்பட்டும், அன்னிக்கே வந்து அந்த நாற்காலியில உக்காந்துடறேன்." இதுவரை முப்பத்தொன்பது சைக்கிள். ஒன்றும் தப்பவில்லை.

முப்பத்தொன்பதாவது, தங்கைக்குக் கட்டியது. "அவருக்கும் ஒண்ணு கட்டிக் குடுண்ணா, அடுத்து நடக்கப்போற நாப்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு ரெண்டு பேரும் ஜோடியா போறோம்" என்று தங்கை கேட்க, மாப்பிள்ளையும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "அப்போ ஞாயித்துக்கிழமை அளவெடுக்க வாங்க" என்று மச்சான் சொன்ன பிறகுதான் ஷூவைக் கழட்ட வேண்டியிருக்குமே என்று அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாக்ஸுக்குள் ஷூவின் உள்பட்டையை நாலு அடுக்கு வெட்டி வைத்துக்கொண்டு போனார். மெத்தைக் கடைக்காரரின் மருமகன் என்பதற்கு அன்று அவர் நடந்த நடையே சாட்சி.

"ஷூவைக் கழட்டுங்க மாப்ள."

"சாக்ஸ்?"

"இருக்கட்டும், தரையெல்லாம் இரும்புத் தூள். கால்ல குத்தும்."

மாப்பிள்ளை மனதுக்குள் இரும்புத் தூளைக் கும்பிட்டார். மச்சான் அவரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டையை இரண்டு கால்களுக்கு நடுவில் கொடுத்து மேலே தூக்கி, தரையிலிருந்து அதுவரை டேப்பைப் பிடித்தார்.

"ஐயோ மச்சான்!"

"கூச்சப்படாதீங்க. சீட்டு மாதிரி நினைச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம்... ஆங். எண்பத்திரெண்டு!" மச்சானுக்கே ஆச்சரியம். "தங்கச்சிக்கு எழுபத்தெட்டுதான். உயரம் ஒண்ணு, உங்களுக்குக் கால் மட்டும் நாலு சென்டிமீட்டர் ஜாஸ்தி!"

"டேப் சரியா இருக்கா?"

"மாப்ள, மனுஷன் பொய் சொல்லுவான். டேப் சொல்லாது."

மாப்பிள்ளைக்குக் கணக்கு எங்கேயோ உதைத்தது. பட்டையைக் கழித்தால் தன் காலும் எழுபத்தெட்டு. தன்னைவிட உயரமானவளுக்கு எப்படி அதே எழுபத்தெட்டு? ஆனால் கிடைத்த பெருமையை நோண்டிப் பார்க்கிற ஜாதி இல்லை அவர். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஒரு மாதத்தில் சைக்கிள் வந்தது. பச்சை நிறம். குழாயில் மஞ்சள் பெயிண்டால் 'மாப்பிள்ளை' என்று எழுதியிருந்தார், தங்கையின் நீலச் சைக்கிளில் 'தங்கச்சி' என்று எழுதியதைப் போலவே. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் சீட்டை இறக்குவதற்கான திருகைத் தேடிப் பார்த்த மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. திருகே இல்லை. ஃப்ரேம் குழாயே நீண்டு சீட்டுவரை போயிருந்தது.

"ஏத்தறது இறக்கறது எல்லாம் கடைச் சைக்கிளுக்கு" என்றார் மச்சான். "இது உங்க காலுக்குன்னே வச்சது. சாகற வரைக்கும் இதே உயரம்."

கூடவே ஒரு ஜோடி ஷூவும் பரிசு. காகிதம் போல மெல்லிய அடி, பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும் கொக்கி. அதற்குள் அரைப் பட்டைகூட நுழையவில்லை. மாப்பிள்ளை கொட்டகைச் சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். பெடலுக்குக் கால் நுனிவிரலில் எட்டியது. தரைக்கு எட்டவே இல்லை.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம் மச்சான்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சானுக்குப் பக்கத்தில் மனைவி சிரித்த முகத்தோடு நின்றிருந்தாள். அவள் முன்னால் நாலு சென்டிமீட்டர் குறைவதைவிட, விழுந்து நாலு பல் குறைந்தாலும் பரவாயில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

ஓட்டத்தன்று காலை ஒரு மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பிய பிறகுதான் புரிந்தது: நாற்பது கிலோமீட்டரில் எங்கேயும் நிற்க முடியாது. நின்றால் கீழே விழ வேண்டும். விழுந்தால் ஏன் விழுந்தாய் என்பார்கள். ஆகவே மாப்பிள்ளை நிற்கவில்லை. தார் ரோடு முடிந்து ஜல்லி வந்தது, நிற்கவில்லை. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் எல்லாரும் இறங்கி வாழைப்பழம் தின்றார்கள். இவர் போகிற போக்கில் ஒன்றைப் பிடுங்கி, தோலோடு பாதியைக் கடித்துக்கொண்டே போனார். ஓடைக்கு முன்னால் பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கினார்கள். இவர் "வழி! வழி!" என்று அலறிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கரையில் ஏறிவிட்டார்.

"யாருப்பா அந்த ஆளு? பயமே இல்லையே!" என்று யாரோ கேட்டார்கள்.

"என் வீட்டுக்காரர்" என்று பின்னால் மனைவி சொல்வது கேட்டது. பயத்தில் செத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அந்த நேரத்திலும் உச்சி குளிர்ந்தது.

இருபத்தைந்தாவது கிலோமீட்டரில்தான் சோதனை வந்தது. "என்னங்க, நில்லுங்க! பஞ்சர்!" என்று மனைவி கத்தினாள். பம்ப் இவருடைய பையில். விட்டுவிட்டுப் போக முடியாது, நிற்கவும் முடியாது. மாப்பிள்ளை அவளைச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்தார்.

"ஏன் சுத்தறீங்க? இறங்குங்க!"

"உடம்பு ஆறக்கூடாதும்மா..." என்று அவளைக் கடந்து போனார். ஒரு சுற்று முடிந்து திரும்ப வந்து, "...ஆறினா தசை பிடிச்சுக்கும்" என்று வாக்கியத்தை முடித்தார்.

"பம்பைக் குடுங்க!"

முதல் சுற்றில் நீட்டினார், அவளுக்கு எட்டவில்லை. இரண்டாவது சுற்றில் அவள் பிடித்தாள், இவர் விடவில்லை. மூன்றாவதில் பம்ப் கைமாறியது. அவள் ட்யூபை மாற்றிக் காற்றடித்தாள். நடுவில், "எனக்கு வேற முட்டி வலிக்குது" என்றாள்.

"என்னது?"

"முட்டி!"

ஒரு சுற்று. "முட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, நீங்க சுத்துங்க!"

பதினேழு சுற்று. ஜல்லியில் வட்டமாகத் தடமே விழுந்துவிட்டது. பின்னால் வந்த இருவர் அதுதான் பாதை என்று நம்பி, அவர்களும் கொஞ்ச நேரம் கூடச் சுற்றிவிட்டு, மனம் குழம்பிப் போனார்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டிய இடத்தில் ஒரு கம்பம் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்து நிற்பது என்று மாப்பிள்ளை ஒரு கிலோமீட்டருக்கு முன்பே முடிவு செய்திருந்தார். ஆனால் மச்சான் ஆசையாக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அந்தக் கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார். மாப்பிள்ளை மச்சானையே கட்டிப்பிடித்தார். இருவரும் சைக்கிளோடு உருண்டார்கள்.

பின்னாலேயே வந்த மனைவி பதறிப்போய் இறங்கினாள். மச்சானோ கீழே கிடந்தபடியே, "மாப்ள, கடைசி நேர் ரோட்ல வந்தப்ப உங்க இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுச்சே? சீட்டு உசரமா இருந்தாதானே அப்படி ஆடும்?" என்றார்.

"அது... சந்தோஷத்துல மச்சான்."

"எழுந்திரிங்க. சைக்கிளுக்குப் பக்கத்துல நில்லுங்க."

காகித ஷூவில் மாப்பிள்ளை நின்றார். மச்சான் சீட்டைப் பார்த்தார், அவர் இடுப்பைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, முன்பின் தெரியாத ஆள் கொடுத்த பொருளைப் போல அதை உற்றுப் பார்த்தார்.

"நாலு சென்டிமீட்டர் தப்பு" என்றார். குரலே எழும்பவில்லை. "என் டேப் தப்பு. அப்போ முப்பத்தொன்பது பேருக்கும் தப்பாத்தானே கட்டியிருப்பேன்? பாவம், யாரும் என் முகத்துக்காகச் சொல்லாம இருந்திருக்காங்க."

"அப்படி இல்ல மச்சான்..."

மச்சான் கேட்கவில்லை. போனை எடுத்துவிட்டார். "அப்பா நம்பர்தான். அந்த நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்றேன்."

மணி போக ஆரம்பித்தது. மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். கைகளில் வெல்டிங் சுட்ட தழும்போடு அந்த மனுஷன் கல்லாவில் உட்கார்ந்து ஆறடிக்கு மூணடி, ஆறடிக்கு மூணடி என்று பில் எழுதுகிற காட்சி கண்ணில் வந்தது. பதினோரு வருடப் பொய்யைவிட அந்தக் காட்சி பெரிய பாவமாகப் பட்டது.

"மச்சான், போனை வைங்க! டேப் சரி. கால்தான் தப்பு."

"என்ன?"

"சாக்ஸுக்குள்ள பட்டை வச்சிருந்தேன். நாலு அடுக்கு. என் கால் எழுபத்தெட்டுதான். கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட ஷூவும் அப்படித்தான். வீட்டுல போடற செருப்பும் அப்படித்தான். டாக்டரே கிடையாது." கடகடவென்று கொட்டிவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தார். தரை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இருந்தது.

போனில் மாமனார், "ஹலோ... ஹலோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தீங்களே! பதினோரு வருஷமா உங்க பேண்டையும் என் பேண்டையும் ஒரே கொடியில நான்தானே காயப்போடறேன்? உங்களது ரெண்டு விரல் மேலயே நிக்கும். எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"ஷூவை மாட்டிக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா நடப்பீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல." கொஞ்சம் தயங்கினாள். "அதோட... அந்த ஷூ போட்டும் உங்க உயரம் பத்தாது, நானும் உங்க பக்கத்துல நிக்கறப்ப முட்டியைக் கொஞ்சம் மடக்கித்தான் நிப்பேன். இப்ப பழகிடுச்சு."

சொல்லிவிட்டு முட்டியை நிமிர்த்தினாள். மாப்பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் மனைவி வளர்ந்தாள்.

மச்சான் டேப்போடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு நிமிஷம். அப்போ உன் சைக்கிளுக்கு நான் அளந்தப்ப?"

"இவரும் கொட்டகையில நின்னாரேண்ணா, அதான் அப்பவும் மடக்கிக்கிட்டேன். தொளதொள பேண்ட்ல உனக்குத் தெரியல."

"எழுபத்தெட்டு பொய்யா? அதனாலதான் முட்டி வலியா?"

"உசிரு போகுது."

மச்சான் தங்கையை நிமிர்ந்து நிற்க வைத்து, வெறுங்காலில் அளந்தார். எண்பத்திரெண்டு. மாப்பிள்ளையை அளந்தார். எழுபத்தெட்டு. பிறகு மச்சான் போனைக் காதில் வைத்து, "அப்பா, நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. என் டேப் தங்கம். உங்க பொண்ணும் மருமகனும்தான் திருட்டுப் பசங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று வீடு திரும்பும்போது சைக்கிள்கள் கைமாறின. பெயரை மாற்றி எழுத மாட்டேன், இதுதான் உங்களுக்குத் தண்டனை என்று மச்சான் கறாராகச் சொல்லிவிட்டார். பச்சை 'மாப்பிள்ளை'யில் மனைவி முட்டி வலியில்லாமல் முன்னால் பறந்தாள். நீலத் 'தங்கச்சி'யில் மாப்பிள்ளை பின்னால் வந்தார்.

திருப்பத்தில் அவள் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். காத்திருந்தாள். வந்தார். மறுபடி ஒரு மரத்தடியில் காணோம். மூன்றாவது தடவை, வண்டியும் இல்லாத வளைவும் இல்லாத நட்டநடு ரோட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, பஞ்சரா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

மாப்பிள்ளை இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக அழுத்திக் காட்டினார்.

"சும்மாதான். கால் எட்டுதுல்ல!"