ஆண்டவரே, இவளுக்கு ஒத்தாசை பண்ணும்

லுவீனியா டாகெட் கதையின் மூன்றாவது வரியைத்தான் சொல்லியிருந்தாள். கோவேறு கழுதையின் மேல் ஆடி ஆடிப் போகிற மனிதனாகத் தன் இடுப்பை அசைத்து, இல்லாத தொப்பி ஒன்று கண்ணை மறைத்து நழுவுவதுபோலக் காட்டினாள். சிகாகோவில் இந்த இடத்தில் அரங்கமே சிரிக்கும். இங்கே, தன் சொந்த ஊர்ச் சபையில், ஆகஸ்ட் வெயிலில் எண்பது அட்டை விசிறிகள் ஆடின, அவ்வளவுதான். பிறகு இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆண்டவரே, இவளுக்கு ஒத்தாசை பண்ணும்."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் யாரோ பாசத்தில் ஜெபிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். மவுண்ட் ஹெர்மோன் சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விஷயம் தெரியும். முன்னால் நிற்பவர் நன்றாகப் பேசினால் "சொல்லு, சொல்லு" என்பார்கள். சொதப்பினால் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டார்கள், கர்த்தரிடம் ஒத்தாசை கேட்பார்கள். சுதி தப்பிய பாட்டுக்காரிகளும் புதிதாக வந்த போதகர்களும் அந்த ஒத்தாசையைக் கேட்டு வியர்த்திருக்கிறார்கள்.

குரல் ரோசெலுடையது. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், இதே இடத்தில் லுவீனியா முதன்முதலாகக் கதை சொல்ல நின்றபோதும் அவள்தான் ஒத்தாசை கேட்டாள். அப்போது இருவரும் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். லுவீனியா பீன்ஸ் பரிமாறிக்கொண்டே கதை சொல்வாள், பிள்ளைகள் தட்டை நீட்டியபடி அசையாமல் நிற்பார்கள், வரிசை கதவு வரை தேங்கிவிடும். "பீன்ஸ அளக்குறியா, கதைய அளக்குறியா?" என்று ரோசெல் உள்ளேயிருந்து கத்துவாள். இரண்டில் ஒன்றைப் பார்த்துக்கொள் என்று தலைமை ஆசிரியர் சொன்ன அன்று, லுவீனியா சமையல் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வயது முப்பத்தைந்து, கையில் இரண்டு பிள்ளைகள், பிழைப்புக்கு வழி வெறும் வாய்.

அந்த வாய் சோறு போட்டது என்றால் சும்மா போடவில்லை. பஸ் கட்டணம் மட்டும் கொடுத்த நூலகங்களில் சொன்னாள், கேட்க ஏழு பேர் வந்த மழை நாட்களிலும் சொன்னாள். பின்பு பெரிய ஊர்கள் கூப்பிட்டன. அவள் முகம் போட்ட சுவரொட்டி ஒட்டினார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். லுவீனியா குனிந்து வணங்குவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கைதட்டலுக்குள் ஒரு "சொல்லு" வருமா என்று காது தேடும். அவளுக்கு வேண்டியது இந்தச் சபையின் "சொல்லு". ரோசெலின் வாயிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பிக் கூடும் இந்த ஞாயிறுக்கு அழைப்பு வந்ததும், கூலியே வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்திருந்தாள்.

தன் கைவசம் உள்ளதிலேயே சிறந்த கதை என்று கழுதைக் கதையை எடுத்ததுதான் வினை. அதில் வருகிற மனிதன் வேறு யாருமில்லை, ரோசெலின் அப்பா ஆஸ்பெரி. லுவீனியா மேடைகளில் அவருக்குப் பெயர் வைத்ததில்லை, "ஒரு மாமா" என்பாள். கறுப்பர்கள் ஓட்டுப் போடுவதை வெள்ளைக்காரர்கள் சகிக்காத காலத்தில், அந்த மாமா ஓட்டர் பட்டியலில் பெயர் எழுதக் கோர்ட்டுக்குப் போவார், கழுதை கோர்ட்டுப் படியில் உட்கார்ந்துகொள்ளும், ஊர் சிரிக்கும், மாமா அதன்மேல் ஏறி வீடு திரும்புவார். இங்கே பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு அவர் எப்படித் திரும்பினார் என்பது தெரியும். பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, லுவீனியாவுக்குத்தான் அது மறந்தே போயிருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒருத்தியின் அப்பாவை அவள் முன்னாலேயே கோமாளியாக்கி ஆட்டிக் காட்டியிருக்கிறோம்.

பாஸ்டர் டாலிவர் நல்ல மனிதர். பின்னாலிருந்து மெதுவாகக் கைகொடுத்தார். "சிஸ்டர் டாகெட், விருந்துக் கோழி ஆறுது. சுருக்கமா முடிச்சாலும் ஒண்ணும் தப்பில்ல."

"ஆறட்டும் பாஸ்டர்" என்றாள் லுவீனியா. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்றி, சமையலறையில் அன்று மாட்டிய மேலங்கியைப் போலவே, பிரசங்க மேடையின் ஓரத்தில் மாட்டினாள். கீழே இறங்கி இரண்டாவது பெஞ்சுக்கு நேராக வந்து நின்றாள்.

"ரோசெல். திரும்பச் சொல்லப்போறேன். பேரோட."

"யாரு பேரோட?"

"உங்கப்பா பேரோட."

ரோசெல் விசிறியை நிறுத்தவில்லை. "இன்னொரு தடவ அவர் தொப்பிய நழுவவிட்டேன்னு வையி, இந்த விசிறி உன் மண்டையிலதான் உடையும்."

"சரி."

இடுப்பை ஆட்டாமல், கையை வீசாமல், சமையலறையில் பேசின குரலில் ஆரம்பித்தாள். "நாப்பத்தாறாம் வருசம். ஆஸ்பெரி காலையில எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டாரு. தொப்பி நேரா இருந்துச்சு."

"நேராத்தான் இருந்துச்சு" என்றார் பின்வரிசையில் ஒரு கிழவர்.

"கோர்ட்டுக்குப் போய்ப் பேர எழுதினாரு. ஒரு எழுத்து நடுங்கல."

"சொல்லு" என்றார்கள் ஓரப் பெஞ்சில்.

"வெளிய வந்தா, கழுதையக் கட்டின இடத்துல கழுதை இல்ல. நிலக்காரன் ஆளுங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. கடிவாளத்த மட்டும் கழட்டி அவரு காலடியில போட்டாங்க. பேரு எழுதினேல்ல, இனி அந்தப் பேர ஓட்டிக்கோன்னாங்க."

"ஆமா" என்று பல குரல்கள் எழுந்தன. ரோசெலின் விசிறி ஆடிக்கொண்டே இருந்தது.

"பதினோரு மைல். கடிவாளத்தத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு. வழியில வண்டிக்காரங்க ஏறிக்கச் சொன்னாங்க, ஏறல. இருட்டுறதுக்குள்ள வீட்டு வாசலுக்கு வந்தாரு. கதவத் தொறந்தது ஏழு வயசுப் பிள்ள. அவ கடிவாளத்தப் பார்த்தா. கழுதை எங்கப்பான்னு கேட்டா."

லுவீனியா அங்கே நின்றுவிட்டாள்.

அதற்கு ஆஸ்பெரி என்ன பதில் சொன்னார் என்பது, கதவைத் திறந்த ரோசெலைத் தவிர, ஊரில் வேறு ஒருவருக்கும் தெரியாது. ஒரு வரியைப் புனைவது லுவீனியாவுக்குக் கைவந்த கலை, நாலைந்து நல்ல வரிகள் நாக்கு நுனிக்கே வந்தன. அத்தனையையும் விழுங்கினாள். கையைக் கட்டிக்கொண்டு ரோசெலைப் பார்த்தாள். எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்று முடிவு செய்துவிட்டாள். கோழி ஆறட்டும்.

சபை காத்திருந்தது. பாஸ்டர் எழப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு, ரோசெல்" என்றாள் லுவீனியா.

ரோசெலின் விசிறி நின்றது. அதைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். பிறகு முன்பெஞ்சின் சாய்மானத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு, மெல்ல எழுந்திருக்கத் தொடங்கினாள்.